புலிச் சின்னத்தோடு வந்த பட்டாளம்

பெஸ்தாரி ஜெயா என்று பெயர்ப்பலகை சொன்னாலும், நம்மில் பலருக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1942 ஜனவரிப் போர்க் குறிப்புகளிலும் அந்தப் பழைய பெயர்தான் இருக்கிறது.

அந்த மாத முதல் வாரத்தில், சிலாங்கூர் ஆற்றையொட்டிய தோட்டங்களுக்கு நடுவே 6/15ஆம் இந்தியப் பிரிகேட் நிறுத்தப்பட்டது. அதில் ‘பிரிட்டிஷ் பட்டாலியன்’ என்ற பெயரில் ஒரு வினோதமான படை இருந்தது. உண்மையில் அது ஒரு பட்டாலியன் அல்ல, இரண்டின் மிச்சம். லெஸ்டர்ஷயர் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனும் ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியனும் கெடா ஜித்ராவில் ஜப்பானியரிடம் பலத்த அடி வாங்கின. எஞ்சியவர்களை 1941 டிசம்பரில் ஈப்போவில் ஒன்றாக்கி, மோரிசன் என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தார்கள்.

லெஸ்டர்ஷயர் ரெஜிமெண்ட் பழைய பட்டாளம். 1688இல் தொடங்கியது. 1804 முதல் 1823 வரை இந்தியாவில் போரிட்டதற்காக, 1825இல் ஒரு புலியும் ‘ஹிந்துஸ்தான்’ என்ற சொல்லும் அதன் சின்னமாக வழங்கப்பட்டன. ஒரு நாட்டை அடக்கியதற்கு அந்த நாட்டின் புலியே பரிசு! அதனால் வீரர்களுக்கே ‘டைகர்ஸ்’ என்ற பட்டப்பெயர் நிலைத்தது.

கம்பாரில் டிசம்பர் 30 முதல் நான்கு நாள் இந்தப் படை குன்றுகளை விடாமல் பிடித்து நின்றது. ஆனால் ஆபத்து கடல் வழியாக வந்தது. ஜனவரி 2 மாலை கோல சிலாங்கூர் கடலோரத்தில் கரை சேர முயன்ற ஜப்பானியப் படகுகளைப் பீரங்கிகள் விரட்டின. இரண்டொரு நாளில் அவர்கள் ஆற்றுக்கு வடக்கே தோட்டங்களுக்குள் வந்துவிட்டார்கள். நம் ஆட்கள் பால்வாளி சுமந்து நடந்த பாதைகள் அவர்களுக்கும் வசதியாகவே இருந்தன. ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் முன்னரண் உடைந்தது. 11ஆம் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது.

தோட்டத்துச் சனங்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. எட்டு மாதங்களுக்கு முன்புதான், 1941 மே மாதம், கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தை ஒடுக்கப் படையை இறக்கினார்கள். ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அடுத்த ஜனவரியில் வெள்ளைக்கார துரைமார்கள் தெற்கே போனார்கள். லயத்துக் குடும்பங்கள் எங்கே போவது?

பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. புலிச் சின்னக்காரர்கள் கைதிகளானார்கள். பலர் சயாம்-பர்மா ரயில்பாதை போட அனுப்பப்பட்டார்கள். 1943இல் அதே பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் கொண்டுபோனார்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டிச் சிலரை. வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சிலரை. 415 கிலோமீட்டர் பாதை. காலராவும் மலேரியாவும் பட்டினியும் ஆள் பார்த்து வரவில்லை. ஆனால் கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய சொந்த இராணுவ மருத்துவர்களும், செத்தவர் கணக்கை மறைத்தாவது எழுதிவைத்த அதிகாரிகளும் இருந்தார்கள். நம்மவர்களுக்கு அதுகூட இல்லை.

லெஸ்டர்ஷயர் ரெஜிமெண்ட் 1964இல் ராயல் ஆங்கிலியன் ரெஜிமெண்டோடு இணைந்து மறைந்தது. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் அதன் வீரர்களுக்குப் பெயர், பதவி, இறந்த தேதி என்று எல்லாமே பொறித்திருக்கிறார்கள். அதே பாதையில் விழுந்த தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குழி எங்கே என்றுகூடத் தெரியாது.

உங்கள் வீட்டில் ‘சயாமுக்குப் போனவர்’ என்று யாரையாவது பாட்டி சொல்லியிருக்கிறாரா? அவர் பெயர் என்ன, எந்தத் தோட்டத்திலிருந்து போனார்?