தலையில் பனி, வயிற்றில் நெருப்பு

உச்சியிலே வெண்பனி, உள்ளே கொதிக்கும் நெருப்பு. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியுமா என்று கேட்கிறீர்களா? தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டில், நெவாடோ டெல் ரூயிஸ் என்ற மலையில் இருக்கின்றன!

பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே, வெயில் கொளுத்தும் பிரதேசத்தில்தான் இம்மலை நிற்கிறது. ஆனால் உயரம் 17,000 அடிக்கு மேல். ஆகவே உச்சியில் ஆண்டு முழுவதும் பனி. அதைச் சுற்றியுள்ள ஜனங்கள் 'தூங்கும் சிங்கம்' என்று செல்லமாக அழைத்தார்கள்.

மலையிலிருந்து இறங்கும் லகுனில்லா நதி சமவெளியைத் தொடும் இடத்தில் அர்மேரோ என்ற ஊர் இருந்தது. பருத்தியும் நெல்லும் விளைந்த செழிப்பான ஊர். அந்தச் செழிப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1845-ல் அதே மலை அனுப்பிய சேறு படிந்த மண்தான் அது! அன்று சுமார் ஆயிரம் பேர் மாண்டார்கள். அந்தச் சேற்றின்மீதே பிறகு ஊர் எழுந்தது.

1985 நவம்பர் 13. பிற்பகலில் ஊரில் சாம்பல் தூறியது. "பயம் வேண்டாம், வீட்டிலேயே இருங்கள்" என்று சொல்லப்பட்டது. இரவு ஒன்பது மணிக்கு மேல் மலை வெடித்தது. பெரிய வெடிப்பு அல்ல. உச்சிப் பனியில் பத்தில் ஒரு பங்குதான் உருகியது. ஆனால் உருகிய நீர், வழியிலிருந்த மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு, கரைத்த சிமெண்டுக் கலவைபோலக் கெட்டியாகி, பன்மடங்கு பெருகிப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. அர்மேரோவை அடைய அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பக்கத்திலேயே மேடு இருந்தது; நடந்தே ஏறியிருக்கலாம். ஆனால் பலர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு மாண்டவர்கள் சுமார் 23,000 பேர்.

இதில் நெஞ்சைச் சுடும் சமாசாரம் ஒன்று உண்டு. சேறு எந்த வழியில் வரும் என்பதைக் காட்டும் அபாய வரைபடத்தை விஞ்ஞானிகள் அதற்கு முந்தைய மாதமே தயாரித்துவிட்டார்கள். அர்மேரோவும் அதில் இருந்தது. படம் இருந்து என்ன பயன்? "உடனே மேட்டுக்கு ஏறுங்கள்" என்ற ஒரு வார்த்தை, வேளையோடு வீடு தோறும் போய்ச் சேரவில்லையே!

அந்தப் பாடம் வீண்போகவில்லை. 2007 ஏப்ரலில் அதே நாட்டில் நெவாடோ டெல் உய்லா என்ற மற்றொரு பனிமூடிய எரிமலை சீறியது. சேறும் பாய்ந்தது. முன்னதாகவே எச்சரிக்கை கிடைத்து, ஆயிரக்கணக்கானோர் மேட்டுக்கு ஏறினார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

மலை மாறவில்லை, பனியும் மாறவில்லை. சொன்னவர்கள் வேளையோடு சொன்னார்கள். கேட்டவர்கள் உடனே எழுந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்!