பழைய தலையணை உறை இருக்கா? துணிப்பை ரெடி!

தமிழகத்தில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தாச்சு. ஆனாலும் பை எடுக்க மறந்து, கடையில் காசு கொடுத்து வாங்குபவரா நீங்கள்?

ஏன் தலையணை உறை?

மூன்று பக்கமும் ஏற்கெனவே தைத்திருக்கும். கைப்பிடி வைத்தால் போதும். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகியிருந்தால் வேண்டாம், பாரம் தாங்காது.

எப்படித் தைப்பது?

* வாய்ப்பகுதியை இருமுறை மடித்துத் தையுங்கள்.
* பழைய ஜீன்ஸில் 4 அங்குல அகலம், 22 அங்குல நீளத்தில் 2 பட்டைகள் வெட்டுங்கள். நான்காக மடித்துத் தைத்தால் 1 அங்குலக் கைப்பிடி.
* கைப்பிடி முனைகளைச் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போடுங்கள்.

எங்கே கிழியும்?

கைப்பிடி சேரும் இடத்தில்தான். மெஷின் இல்லையா? இரட்டை நூலில் பின்தையல் போடுங்கள், அசையாது.

தைத்த பையை மடித்து வண்டி டிக்கியில் போட்டுடுங்க. மறக்கவே முடியாது!