பன்றி வளர்ச்சி மாதிரியாக்கம்

பன்றி வளர்ச்சி மாதிரியாக்கம் என்பது, பண்ணைப் பன்றி உண்ணும் தீவனம் அதன் உடலில் எவ்வளவு புரதமாகவும் எவ்வளவு கொழுப்பாகவும் மாறும் என்பதைச் சமன்பாடுகளின் துணையுடன் கணிக்கும் முறை ஆகும். தீவனச் செலவையும், கழிவில் வெளியேறும் நைட்ரஜனையும் குறைக்க இது பயன்படுகிறது.

வரலாறு

இசுக்காட்லாந்தின் எடின்பரோவில் கொலின் விட்டெமோர், ஃபாசெட் ஆகியோர் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்ட மாதிரி இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. பின்னர் பிரான்சின் தேசிய வேளாண் ஆய்வு நிறுவனம் 'இன்ராபோர்க்' என்னும் மென்பொருளை உருவாக்கியது. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2012 இல் வெளியிட்ட பன்றி ஊட்டத்தேவை நூலிலும் இத்தகைய மாதிரி இடம்பெற்றுள்ளது.

புரத வளர்சிதைமாற்றம்

உடலில் புதிய புரதம் உருவாவதும் பழைய புரதம் சிதைவதும் ஒரே வேளையில் நிகழ்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே புரதப் படிவு எனப்படும். ஒரு நாளின் படிவை மூன்று எல்லைகள் கட்டுப்படுத்துகின்றன:

1. விலங்கின் மரபுவழித் திறன்
2. தீவனத்தில் கிடைக்கும் அமினோ அமிலங்கள்
3. உட்கொள்ளும் ஆற்றல்

இவற்றுள் எது மிகக் குறைவோ, அதுவே அன்றைய படிவைத் தீர்மானிக்கும். உயிர் பேணலுக்கும் புரதப் படிவுக்கும் போக எஞ்சிய ஆற்றல் கொழுப்பாகச் சேரும். கணினி இக்கணக்கை நாள்தோறும் செய்து, ஒவ்வொரு நாளின் முடிவையும் மறுநாளின் தொடக்கமாகக் கொள்கிறது.

மரபுவழித் திறனைக் குறிக்கக் கோம்பெர்ட்சு வளைவு பெரிதும் பயன்படுகிறது. பெஞ்சமின் கோம்பெர்ட்சு 1825 இல் மனித இறப்பு வீதத்தை விளக்க உருவாக்கிய சார்பிலிருந்து இது வந்தது. இவ்வளைவின்படி, முதிர்ந்த உடலில் இருக்கும் புரதத்தில் ஏறத்தாழ 37 விழுக்காட்டை விலங்கு எட்டும்போது புரத வளர்ச்சி வேகம் உச்சமடையும்.

எடுத்துக்காட்டு

ஒரு பன்றி நாளொன்றுக்கு 150 கிராம் புரதம் சேர்ப்பதாகக் கொள்வோம். பன்றியின் உடற்புரதத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு லைசின் ஆகும். எனவே 10.5 கிராம் லைசின் உடலில் தங்க வேண்டும். செரிமானமான லைசினில் 70 விழுக்காடு பயன்படுமெனில், தேவை 15 கிராம்.

அப்பன்றி 16 விழுக்காடு புரதமுள்ள தீவனத்தை 2.5 கிலோகிராம் உண்டால், 400 கிராம் புரதம் கிடைக்கும். புரதத்தின் எடையை 6.25 ஆல் வகுத்தால் நைட்ரஜன் அளவு கிடைக்கும். ஆகவே உட்கொண்டது 64 கிராம் நைட்ரஜன்; உடலில் தங்கியது 24 கிராம்; வெளியேறியது 40 கிராம். தேவைக்கு மிஞ்சிய அமினோ அமிலங்களின் நைட்ரஜன் கல்லீரலில் யூரியாவாக மாறிச் சிறுநீரில் கலக்கிறது. அதிலிருந்து எழும் அமோனியா காற்றை மாசுபடுத்துகிறது.

புரதத்தை வெறுமனே குறைத்தால் தீர்வு கிடைக்காது. தானியத் தீவனத்தில் பெரும்பாலும் முதலில் பற்றாக்குறையாவது லைசின். அதனால் வளர்ச்சி குன்றும். லைசின் முதலியவற்றைத் தனியே சேர்த்து, மொத்தப் புரதத்தை 14 விழுக்காடாக்கினால், அதே வளர்ச்சிக்கு வெளியேறும் நைட்ரஜன் 32 கிராமாகக் குறையும். இது ஐந்தில் ஒரு பங்குக் குறைவு.

வரம்புகள்

நோய், வெப்பம், நெரிசல் ஆகியவை பசியையும் புரதப் படிவையும் குறைக்கக்கூடும். ஒரே கொட்டிலில் உள்ள பன்றிகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சராசரிப் பன்றிக்காகக் கணித்த தீவனம் வேகமாக வளர்வனவற்றுக்குப் போதாமலும், மெதுவாக வளர்வனவற்றுக்கு மிகையாகவும் அமையலாம். ஆகையால் மாதிரியின் கணிப்பைப் பண்ணையில் எடுத்த எடை அளவீடுகளுடன் ஒப்பிட்டுத் திருத்துவது இன்றியமையாதது.