எலிக்குட்டியும் ஈரத் தூரிகையும்

பொதுமக்களின் வரிப்பணத்தில் எலிக்குட்டிகளுக்கு உடல் நீவிவிடுகிறார்கள் என்றால் எவருக்கும் சிரிப்புத்தான் வரும். அமெரிக்கச் செனட் உறுப்பினர் வில்லியம் பிராக்ஸ்மயர், 1975 முதல் 1988 வரை, வீணென்று தாம் கருதிய அரசுச் செலவுகளுக்குக் ‘கோல்டன் ஃபிளீஸ்’ விருது அறிவித்து எள்ளினார். அறிவியல் ஆய்வுகள் பலவும் அதற்கு இலக்காயின. வரி செலுத்துவோர் கணக்குக் கேட்பது முறையே. தலைப்பை மட்டும் படித்துத் தீர்ப்பளிப்பது வேறு.

அக்காலத்தில் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் குழுவினர், தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட எலிக்குட்டிகளுக்கு வளர்ச்சி இயக்குநீர் குறைவதைக் கண்டனர். தாய் நக்குவதைப் போன்று ஈரத் தூரிகையால் அழுத்தி வருடியதும் அது மீண்டது. குழந்தை மருத்துவம் அவர்களது நோக்கமாக இருக்கவில்லை.

குறைமாதக் குழந்தைகளை இயன்றவரை தொடாதிருப்பதே நலம் என மருத்துவர்கள் கருதியிருந்த காலம் அது. மயாமி பல்கலைக்கழகத்தின் டிஃபனி ஃபீல்ட், ஷான்பெர்க்குடன் இணைந்து 40 குழந்தைகளிடம் இதனைச் சோதித்தார். ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு மும்முறை, 15 நிமிடம் வீதம், பத்து நாள்கள் உடல் நீவப்பட்டது. 1986-இல் முடிவு வெளியாயிற்று. பாலின் அளவில் வேறுபாடில்லாதிருந்தும் அக்குழந்தைகளின் அன்றாட எடையேற்றம் 47 விழுக்காடு மிகுந்திருந்தது. சராசரியாக ஆறு நாள்கள் முன்னதாகவே வீடு திரும்பினர். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து நீவும் நம் பாட்டிமார் இதற்கு வியக்கமாட்டார்கள். ஆயினும் எடைக்கும் நாளுக்கும் கணக்குக் காட்டினாலன்றி மருத்துவமனை வழக்கம் மாறுவதில்லை.

பிராக்ஸ்மயரின் எள்ளலுக்கு மறுமொழியாக 2012-இல் தோன்றிய ‘கோல்டன் கூஸ்’ விருது, 2014-இல் இவ்வாய்வுக்குக் கிடைத்தது. ஷான்பெர்க் 2009-இலேயே காலமாகியிருந்தார்.