உடைந்தது போல்ட்தான்... இன்ஜின் இல்லை!

'பட்' என்று ஒரு சின்ன சத்தம். அதுவரை அசைய மறுத்த ஸ்பானர் சட்டென்று லேசாகச் சுழன்றது. 'அப்பாடா, கழன்றுவிட்டது' என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடி குனிந்து பார்த்தால், நட்டோடு சேர்ந்து போல்ட்டின் பாதி என் உள்ளங்கையில் இருந்தது. மீதிப் பாதி இன்ஜினுக்குள்!

ரிப்பேர் வேலையில் கை வைத்த எல்லோருக்கும் இந்தச் சத்தம் தெரியும். வயிற்றில் புளியைக் கரைக்கும் சத்தம்.

நடந்தது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய எங்கள் வீட்டு கராஜில். வண்டி, மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. 1989-இல் அறிமுகமாகி, 2016-இல் பத்து லட்சமாவது வண்டியைத் தொட்ட ஸ்போர்ட்ஸ் கார் இது. உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸிலும் இடம்பிடித்தது. பணக்காரர்களின் பொம்மை என்று நினைக்க வேண்டாம். பழைய மாடல் என்றால் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரரும் வாங்கலாம். வீட்டிலேயே கழற்றி மாட்டவும் எளிது. அதை நம்பித்தான் நானும் 90-களில் வந்த வண்டி ஒன்றை வாங்கினேன்.

வாங்கிய சில மாதங்களில், காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. இன்ஜின் சூடானதும் குறைந்துவிடும். புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பு இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் போய்விட்டது. வெறும் சத்தம்தானே என்று விட்டுவிட முடியாது. அந்தப் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அது வண்டிக்குள் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. குழாயைக் கழற்றி, கேஸ்கட் மாற்றி, திரும்ப மாட்டினால் போதும், ஒரு சனிக்கிழமை வேலை என்றுதான் கணக்குப் போட்டேன். உப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உப்பு செய்த வேலை

டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடியெல்லாம் தெறித்து, இரும்பு கண்ட இடமெல்லாம் துருவேற்றும்.

என் வண்டியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதில் மரை போட்டு இறக்கியிருக்கும் ஸ்டட்டுகள், அதாவது தலை இல்லாத போல்ட்டுகள், எஃகு. இரண்டு உலோகங்களுக்கு நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் ஒரு குட்டி பேட்டரி மாதிரி ஆகி, அரிப்பு இன்னும் வேகமாகும். போதாததற்கு, ஒவ்வொரு முறை வண்டி ஓடும்போதும் அந்த இடம் கொதித்து, பிறகு ஆறும். இருபது வருடத்துக்கு மேல் இப்படி நடந்தால் மரையும் மரையும் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே முந்தைய ஓனர் குளிர்காலம் முழுக்க ஓட்டி உப்பைத் தின்றுவிட்டார். தண்ணீர் குடித்தது நான்!

"கையை எடு மொதல்ல!"

ஸ்டட் உடைந்தது ஹெட்டின் முகத்துக்குச் சற்று உள்ளே. வெளியே துளி நீட்டிக்கொண்டிருந்தால்கூட லாக்கிங் பிளையரில் கவ்வித் திருப்பலாம். பிடிக்க ஒன்றுமே இல்லை. ஹெட்டைக் கழற்றி மெஷின் ஷாப்புக்குக் கொடுத்தால், ஆகும் செலவு நான் வண்டி வாங்கிய விலையைத் தொட்டுவிடும். வண்டியை விற்றுவிட வேண்டியதுதான். மனம் படபடத்தது.

டூல்ஸ் பெட்டியில் 'ஈஸி அவுட்' இருந்தது. உடைந்த போல்ட்டில் துளை போட்டு, இதைச் செருகி, இடது பக்கம் திருகினால் போல்ட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வரும். பெயரிலேயே 'ஈஸி' இருக்கிறதே என்று கையில் எடுத்துவிட்டேன்.

"விடு கண்ணு. கையை எடு மொதல்ல."

கராஜ் வாசலில் அப்பா. கோவையில் ஒரு நூற்பாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்திருந்தார். வந்த மூன்று மாதத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே வேலை, வாரம் ஒருமுறை குப்பைத்தொட்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போவதுதான். அவரிடம் இந்த வண்டி வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் கையில் ஸ்பானரைப் பார்த்தால் சிரிப்பார் என்ற கூச்சம்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். "உடைஞ்சது போல்ட்டுதான். இஞ்சின் நல்லாத்தான் இருக்குது. அவசரப்பட்டீன்னா அதையும் கெடுத்துப்போடுவே."

பிறகு அவர் சொன்ன கதையை நான் அதுவரை கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே போல மில் மெஷினில் போல்ட் ஒன்று உடைந்திருக்கிறது. ஷிஃப்ட் முடிவதற்குள் சரிசெய்து பெயர் வாங்க நினைத்து ஈஸி அவுட்டைப் பலமாகத் திருக, அது உள்ளேயே உடைந்துவிட்டது. "அது கட்டி இரும்பு கண்ணு. வளையாது, ஒடிஞ்சுதான் போகும். டிரில் பிட் அதும்மேல ஏறவே ஏறாது." கடைசியில் அந்தப் பாகத்தையே மாற்றினார்களாம். "ஒரு வாரம் மேஸ்திரி மூஞ்சியைப் பார்க்கவே முடியலை."

உடைந்த போல்ட்டைத் துளைக்கலாம். உடைந்த ஈஸி அவுட்டைச் சாதாரண டிரில் பிட்டால் தொடக்கூட முடியாது. ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் பட்டறையைத் தேடிப் போக வேண்டும். அன்று நான் தொட இருந்தது அந்த ஆபத்தைத்தான். துருவில் இறுகி, முறுக்கு தாங்காமல் உடைந்த ஸ்டட் அது. அதைவிட ஒல்லியான ஈஸி அவுட் மட்டும் எப்படித் தாங்கும்?

துரு இளக்கும் எண்ணெயைத் தாராளமாகத் தெளித்துவிட்டு, அன்றைக்கு வேலையை முடித்துக்கொண்டோம். இரவு படுக்கும் முன் இரண்டு முறை போய் மறுபடி எண்ணெய் விட்டார் அப்பா.

வழி காட்டிய குழாய்

ஞாயிறு காலை, அடுத்த கவலை: துளையை நட்ட நடுவில் எப்படிப் போடுவது? எஃகு கெட்டி, சுற்றியுள்ள அலுமினியம் மெத்து. டிரில் பிட் கொஞ்சம் வழுக்கினாலும் மெத்தான பக்கம் சாய்ந்து, ஹெட்டின் மரையைத் தின்றுவிடும்.

இங்கேதான் அப்பாவின் ஃபிட்டர் மூளை வேலை செய்தது. கழற்றி வைத்த குழாய்த் தொகுப்பையே திரும்ப மாட்டச் சொன்னார். மற்ற ஸ்டட்டுகள் அதை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். உடைந்த ஸ்டட்டுக்கு நேராக அதன் ஓட்டை வந்து நிற்கும். அந்த ஓட்டைக்குள் ஒரு புஷ் செருகிவிட்டால், டிரில் பிட் நேராகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஹார்டுவேர் கடையில் ஓர் எஃகு ஸ்பேசர் வாங்கி வந்தோம். வெளி அளவு கொஞ்சம் பெரிது. அப்பா அரத்தை எடுத்தார். தேய்ப்பார், செருகிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். முக்கால் மணி நேரம். "மாமா, காபி ஆறுது" என்று என் மனைவி மூன்று முறை குரல் கொடுத்தாள். கடைசியில் புஷ் 'சரக்'கென்று உட்கார்ந்தது.

முதலில் மெல்லிய பிட்டால் ஒரு வழித்துளை. வேகம் குறைவு, எண்ணெய் அதிகம். குழாயைக் கழற்றிப் பார்த்தால், துளை நட்ட நடுவில் விழுந்திருந்தது.

மெழுகுவத்தியும் இடதுகை பிட்டும்

அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால், சுற்றியுள்ள ஹெட்டைச் சூடேற்றினால் ஸ்டட்டின் மேல் இருக்கும் பிடி தளரும். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, தீயணைப்பான் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையடக்க கேஸ் டார்ச்சால் காட்டினோம். சூடாக இருக்கும்போதே அப்பா ஒரு மெழுகுவத்தியை அதன்மேல் வைத்தார். மெழுகு உருகி, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல மரை இடுக்குக்குள் இறங்கியது. இரண்டு முறை அப்படிச் செய்து, ஆறவிட்டோம்.

இப்போது என் முறை. "அப்பா, இது இடது பக்கம் சுத்துற டிரில் பிட்டுங்க" என்று காட்டினேன். அவர் நம்பவில்லை. சாதாரண பிட் வலது பக்கம் சுற்றி, உள்ளே இருப்பதை மேலும் இறுக்கும். இது துளை போடும்போதே கழற்றும் திசையில் இழுக்கும். பிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்க காலத்துல கண்ணுலயே பார்க்கலை" என்றார்.

எல் வடிவ டிரில் தலையில் மாட்டி, ரிவர்ஸில் மெதுவாக ஓட்டினேன். முதல் அளவு பிட், வெறும் துளைதான். அடுத்த அளவு, கொஞ்ச தூரம் போனதும் கவ்வியது. டிரில் ஒரு குலுங்கு குலுங்கியது. நிறுத்திவிடலாமா என்று அப்பாவைப் பார்த்தேன். "ஓட்டு, ஓட்டு... வருது!"

துருப்பொடி உதிர, ஒரு புழு நெளிந்து வருவது போல ஸ்டட் சுற்றிக்கொண்டே வெளியே வந்து விழுந்தது. சூடு என்பதையும் மறந்து எடுக்கப் போனவர், கையை உதறிக்கொண்டு சிரித்தார். மூன்று மாதத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மரைக்குள் டேப் விட்டுச் சுத்தம் செய்தோம். மரை பிழைத்திருந்தது. போயிருந்தால் கம்பிச்சுருள் போன்ற ஹெலிகாயில் வைத்துப் புது மரை உண்டாக்கியிருக்கலாம். உடைந்தது ஒன்றுதான் என்றாலும், "அதோட கூடப் பொறந்ததுக எல்லாம் அதே வயசுதானே?" என்று மற்ற ஸ்டட்டுகளையும் சூடேற்றி மாற்றவைத்தார். சூடு தாங்கும் ஆன்ட்டி-சீஸ் பசை தடவி, டார்க் ரெஞ்ச்சால் அளவாக இறுக்கினோம்.

உங்கள் வீட்டிலும் உடையலாம்!

ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டும் என்றில்லை. பைக் சைலன்ஸர் ஸ்டட்டுக்கும் இதே கதைதான். நினைவில் வைக்க வேண்டியவை:

* உடைந்தவுடன் நிறுத்துங்கள். அடுத்த அரை மணி நேரத்தில் செய்யும் தவறுதான் பெரிய செலவு.

* மென்மையான வழியில் தொடங்குங்கள்: எண்ணெய், காத்திருத்தல், சூடு, பிறகு இடதுகை பிட். ஈஸி அவுட் கடைசியில்தான். அதுவும் இறுக்கம் தளர்ந்த பிறகு.

* ஸ்டட் முகத்தளவில் உடைந்திருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவது பட்டறைக்காரர்களின் நல்ல வழி. எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. அந்தச் சூடும் துருவை இளக்கும்.

* வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் பித்தளைத் தகட்டில் உடைந்த எஃகு ஸ்குருவைச் சூடான படிகாரக் கரைசலில் ஊறவைத்துக் கரைப்பார்கள். இன்ஜின் ஹெட்டில் இதைச் செய்ய வேண்டாம். உள்ளே இருக்கும் மற்ற இரும்புப் பாகங்களையும் அது அரித்துவிடும்.

* கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த கராஜ் கதவு. இவை இல்லாமல் தொடவே வேண்டாம். எண்ணெய் ஈரத்தின்மேலும் பெட்ரோல் வாசனை வரும் இடத்திலும் நெருப்பைக் காட்டக் கூடாது.

மறுநாள் மாலை கூரையை மடக்கிவிட்டு அப்பாவை ஏற்றிக்கொண்டு போனேன். ஊர் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தலையைச் சாய்த்து இன்ஜினையே கேட்டுக்கொண்டு வந்தார். "சத்தம் இல்லை" என்றார், வீடு திரும்பும்போது.

இப்போது அவர் கோவையில். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில், "சாப்டியா? புள்ளைக நல்லா இருக்குதா?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். இப்போது மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது.

"வண்டியில சத்தம் கித்தம் வருதா கண்ணு?"

அதற்குப் பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரமாவது ஆகிறது.