உங்கள் விளக்கும் எதிரில் வருபவரின் கண்ணும்

தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா வழியாகப் பிரிஞ்சாங்வரை ஏறும் கேமரன்மலைச் சாலையில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. பிரிஞ்சாங்கைத் தாண்டிச் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் பாதை இன்னும் குறுகல். எதிரே கார் வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். மழை ஓய்ந்து பனிமூட்டம் இறங்கும் மாலையில், அதே பாதையோரம் வேலை முடிந்து ஒருவர் நடந்து வரலாம்.

மாணவர்களே, 17 வயதில் கார் உரிமம் எடுத்து, வீட்டுப் பழைய கார் கைக்கு வந்ததும் பலருக்கு இரண்டு ஆசைகள் தோன்றும். ஒன்று, பளிச்சிடும் வெள்ளை விளக்கு. மற்றொன்று, உள்ளே யார் இருக்கிறார் என்றே தெரியாத கறுப்புக் கண்ணாடி. இரண்டுக்கும் சட்டம் எல்லை வகுத்துள்ளது. அதன் காரணம் நீங்கள் படிக்கும் இயற்பியலிலும் கணிதத்திலும் இருக்கிறது.

முதலில் விளக்கு. சாதாரண ஹாலோஜன் விளக்கில் ஒளிரும் இழை, பிரதிபலிப்பானின் வடிவத்துக்கு ஏற்ற இடத்தில் சரியாக அமர்ந்திருக்கும். அதனால்தான் ஒளி கீழ்நோக்கிச் சாலையில் விழுகிறது. அதே கூட்டில் எச்.ஐ.டி. பல்பை மாட்டினால் ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறிவிடும். ஒளி சிதறி மேலேயும் பாயும். எதிரில் வருபவரின் கண் கூசும். தொழிற்சாலையிலேயே எச்.ஐ.டி. பொருத்தப்பட்ட கார்களில் அதற்கேற்ற விளக்குக் கூடு இருக்கும். பட்டறையில் வெறும் பல்பை மட்டும் மாற்றுவதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே குற்றமாகவே கருதுகிறது.

பனிமூட்டத்தில் அதிக ஒளி உங்களுக்கும் உதவாது. நுண்ணிய நீர்த்துளிகள் அந்த ஒளியை உங்கள் பக்கமே திருப்பி அனுப்பும். முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்ததுபோல் இருக்கும். அப்போது விளக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைப்பதே வழி.

அடுத்தது கண்ணாடி. 2019 மே 8 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். பின்பக்கக் கண்ணாடிகளுக்கு அத்தகைய வரம்பு இல்லை.

இங்கேதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். காரின் கண்ணாடி 80 விழுக்காடு ஒளியை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 60 விழுக்காடு ஒளியை விடும் தாளை ஒட்டினால் என்னவாகும்? 0.8 × 0.6 = 0.48. அதாவது 48 விழுக்காடு. தாளின் எண் 50-க்கு மேல்தான். ஆனால் உங்கள் கதவுக் கண்ணாடி விதியை மீறிவிட்டது. அதிகாரிகள் கருவி வைத்து அளப்பது தாளையும் கண்ணாடியையும் சேர்த்துத்தான்.

வளைவில் திரும்பும்போது சாலையோரத்தை அந்தப் பக்கக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். இருட்டும் பனியும் ஏற்கெனவே பாதி வெளிச்சத்தை எடுத்துக்கொண்ட நேரத்தில், மீதியைத் தாளும் விழுங்கினால் ஓரத்தில் நடப்பவர் கடைசி நொடியில்தான் தெரிவார்.

விளக்கு மங்கலாக இருக்கிறதா? முதலில் மஞ்சளேறிய விளக்கு மூடியைத் துடைத்து மெருகேற்றுங்கள். ஒளி விழும் கோணத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதே வகைப் புதிய ஹாலோஜன் பல்பை மாட்டுங்கள். தாள் ஒட்டும் கடையில், ஒட்டிய பிறகு கருவியால் அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.