உப்புக் காற்றும் நம்ம லொறியும்
(லொறி கழுவுதல், பொலிஷ் போடுதல், மெழுகு பூசுதல் – புதியவர்களுக்கு)



"தோட்டத்து வேலையை மட்டும் நம்பி இருக்க முடியாதுன்னு மகன் லீசிங்கில ஒரு லொறி எடுத்திருக்கான் ஐயா" என்று சொல்லும் பெற்றோரை இப்பொழுது பல லயங்களில் நாம் காண்கிறோம். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கரட், லீக்ஸ், கோவாவை ஏற்றிக்கொண்டு கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்குப் போகிறார்கள். வரும்போது மீனோ கருவாடோ ஏற்றி வருகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் மலையில் ஓடும் வண்டிக்கு இல்லாத ஒரு பகைவன், கடலோரம் போய்வரும் வண்டிக்கு இருக்கிறான். அதுதான் உப்பு.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே சில கிலோமீற்றர் போனால் உப்புவெளி. பெயரிலேயே உப்பு இருக்கிறது. அங்கே நாங்கள் போயிருந்தபோது வாகனம் கழுவும் இடமொன்றில் மலையகத்து லொறி ஒன்றைக் கண்டோம். வாங்கி அதிக காலமாகவில்லை. ஆனால் கதவின் அடி ஓரத்தில் விரலை வைத்தால் தகரம் உள்ளே போகிறது! "மாசா மாசம் தவணை கட்டுறேன் ஐயா. கடன் முடியிறதுக்கு முன்னாடி வண்டி கரைஞ்சிரும் போல இருக்கு" என்று அந்தத் தம்பி கண்கலங்கினார். அவர் சோம்பேறி அல்ல. தினமும் மண்ணெண்ணெய்த் துணியால் வண்டியைப் பளபளவென்று துடைத்தவர். செய்த முறைதான் பிழை. அவருக்கு அங்கே வேலை செய்த இளைஞர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததை, நாங்களும் பக்கத்தில் நின்று கேட்டோம். அதையே இங்கு எழுதுகிறோம்.

உப்பு என்ன செய்கிறது?

மழைக்காலத்தில் உப்புப் போத்தலைத் திறந்து வைத்தால் உப்பு கசிந்து ஈரமாகிறது அல்லவா? காற்றில் உள்ள ஈரத்தை உப்பு தன் பக்கம் இழுக்கும். வண்டியில் படிந்த உப்பும் அப்படியே. மழை பெய்யாவிட்டாலும் தகரத்தை ஈரமாகவே வைத்திருக்கும். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பும் கூடினால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். வாடைக் காற்று கடலிலிருந்து அடிக்கும் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான்.

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. கனடாவில் பனிக்காலத்தில் வீதியில் உறைபனி கரைவதற்கு உப்புத் தூவுவார்கள். அங்குள்ள நம் சனங்களும் காரின் அடிப்பக்கத்தைக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மழையில் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். உடம்புக்கு மேலே சட்டை, அதற்கு மேலே படங்கு. லொறிக்கு இரும்புதான் உடம்பு, பெயின்ட்தான் சட்டை, மெழுகுதான் படங்கு. சட்டை அழுக்காக இருக்கும்போது படங்கு கட்டிப் பயனில்லை. ஆகவே முதலில் கழுவ வேண்டும்.

கழுவும் முறை

1. வண்டியைச் சமதரையில், நிழலில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். தகரம் சூடாக இருந்தால் ஆறும்வரை பொறுங்கள். சூட்டில் சவர்க்காரம் காய்ந்து கறை பிடிக்கும்.

2. காய்ந்த தூசியைத் துணியால் துடைக்கவே கூடாது. தூசி என்பது சின்னச் சின்ன மணல். துடைக்கத் துடைக்கப் பெயின்டில் கீறல் விழும். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக நிறைய ஊற்றுங்கள். பாதி உப்பும் மண்ணும் அதிலேயே போய்விடும்.

3. இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் வாகன ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் நல்ல தண்ணீர். ஸ்பொஞ்சை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி மண்ணை விட்டுவிட்டு, மறுபடி ஷாம்புவில் நனையுங்கள். ஒரே வாளி என்றால் எடுத்த மண்ணையே திரும்பப் பூசுகிறோம்.

4. கூரை முதலில், பிறகு கண்ணாடி, கதவு. சில்லும் மட்கார்டும் கடைசியில், வேறு துணியால். தும்பு, கம்பித்தும்பு வேண்டாம். துணி துவைக்கும் பவுடர் பூசிய மெழுகையும் எடுத்துவிடும்.

5. அடிப்பக்கம்தான் முக்கியம். செசி, மட்கார்ட் உட்புறம், பின் பெட்டியின் மூலைகள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் அடியுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துவாரங்கள் இருக்கும். அவை மண்ணால் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும். அந்தத் தம்பியின் கதவு உள்ளிருந்து உக்கிப்போனது இதனால்தான்.

6. கடைசியில் நல்ல தண்ணீரால் அலசி, மெல்லிய பருத்தித் துணியாலோ மைக்ரோபைபர் துணியாலோ ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

கடலோரக் கிணறுகளில் சில உவர்க் கிணறுகள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீரால் கழுவுவதில் பலன் குறைவு. கடற்கரையில் இறக்கிக் கடல்நீரால் கழுவுவது வண்டிக்கு நாமே நஞ்சு வைப்பது போல.

கழுவியபின் பிரேக் நனைந்திருக்கும். மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று தடவை மிதித்துப் பார்க்காமல் இறக்கத்தில் இறங்க வேண்டாம். நம்ம மலைப்பாதையில் இது உயிர் விஷயம்.

பொலிஷ்

பொலிஷும் மெழுகும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பொலிஷில் மிக நுண்ணிய தூள் இருக்கிறது. அது மங்கிப்போன மேல்தோலைத் தேய்த்து எடுக்கும். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினால் கூர் வரும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கத்தி கொஞ்சம் தேயும் அல்லவா? அதே கதைதான். புது வண்டியில் பெயின்ட் முழுவதும் சேர்த்தே பொதுவாக ஒன்றிரண்டு தலைமயிரின் தடிப்புத்தான் இருக்கும். ஆகவே மங்கினால் மட்டும் பொலிஷ் போடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை தாராளம்.

தெரியாத மூலையில் முதலில் பரீட்சித்துப் பாருங்கள். பிறகு இரண்டடிக்கு இரண்டடி இடமாக, மெல்லிய துணியில் கொஞ்சம் எடுத்து, அளவாக அழுத்தித் தேயுங்கள். ஓரங்களில் அழுத்த வேண்டாம், அங்கே பெயின்ட் மெல்லியது. பழைய லொறிகளில் துணியில் வண்டியின் நிறம் ஒட்டும். பயப்பட வேண்டாம், மேலே கிளியர் பூச்சு இல்லாத பெயின்ட் அப்படித்தான். கிளியர் பூச்சு உள்ள வண்டியில் நிறம் வந்தால் உடனே நிறுத்துங்கள், பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மெழுகு

கடையில் கிடைக்கும் வாகன மெழுகுகளில் சில, பிரேசில் நாட்டில் வளரும் கார்னோபா என்ற பனை இனத்தின் ஓலையிலிருந்து எடுக்கப்படுபவை. அந்த மரம் தன் ஓலை காயாமல் இருக்கப் பூசிக்கொள்ளும் மெழுகு, நம் வண்டிக்கும் உதவுகிறது.

காய்ந்த, சுத்தமான வண்டியில் மெல்லியதாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் துடைக்கும் கஷ்டம்தான் மிச்சம். டப்பாவில் எழுதியுள்ள நேரம் பொறுத்து, விரலால் தொட்டுப் பாருங்கள். தூளாக வந்தால் சுத்தமான துணியால் துடைத்து எடுக்கலாம். கண்ணாடியிலும் கறுப்புப் பிளாஸ்டிக்கிலும் பட விடாதீர்கள், வெள்ளைக் கறை நிற்கும். தண்ணீர் தெளித்தால் சேம்பிலையில் போல முத்து முத்தாக உருள வேண்டும். பரந்து நின்றால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது. கடலோரம் ஓடும் வண்டிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நல்லது.

மண்ணெண்ணெய், டீசல், தேங்காயெண்ணெய் பூசினால் அன்றைக்கு மினுங்கும். மறுநாள் அவ்வளவு தூசியும் அதில் ஒட்டும், இறப்பர் பாகங்களும் கெடும். இன்னொன்று: பிடித்த துருவை மெழுகால் மூட முடியாது. சின்னப் புள்ளியாக இருக்கும்போதே அரத்தாளால் தேய்த்து, பிரைமர் போட்டு, பெயின்ட் பூசி, அதன்பிறகே மெழுகு.

தண்ணீர் எங்கே போகிறது?

சிலர் வரும் வழியில் கந்தளாய்க் குளத்தோரம் வண்டியை இறக்கிக் கழுவுகிறார்கள். திருகோணமலைச் சனங்கள் குடிப்பது அந்தக் குளத்துத் தண்ணீர். தோட்டத்திலும் அப்படியே. நம் பீலிக்கு மேலே லொறி கழுவினால், அந்த ஒயிலும் சவர்க்காரமும் கீழ் லயத்துப் பிள்ளையின் குடத்துக்குள் வரும். ஓடையிலிருந்து தள்ளி, மண் உறிஞ்சும் இடத்தில் கழுவுங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை. பொலிஷும் மெழுகும் வாங்கக் கையில் காசு இல்லாத மாதம் இருக்கும். எங்களுக்கும் தெரியும். அந்த மாதத்திலும் நல்ல தண்ணீர் இருக்கிறது. உப்பு தண்ணீரில் கரையும் பொருள். கடலோரம் போய்வந்த அன்றோ மறுநாளோ அடிப்பக்கம் உட்பட அலசிவிட்டாலே பாதி ஆபத்து விலகும். அப்பா ஓட்டி வந்த களைப்பில் இருந்தால், வீட்டில் உள்ள வளர்ந்த பிள்ளைகள் இரண்டு வாளியோடு இறங்கலாமே! தவணை முடியும் நாளில் வண்டியும் முழுசாக நிற்க வேண்டும். அதுதான் நம் எல்லோருடைய ஆசை.